எழுதுகோலுக்கு முன்

பிள்ளைத்தமிழை வகுப்பில் பயிற்றுங்கால் நாம் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆண்பாலாயினும் பெண்பாலாயினும், அதன் பத்துப் பருவங்களுள் ஏடெழுதும் பருவம் என ஒன்றில்லை. ஐந்தாம் திங்களில் ஒருகால் மடக்கி, ஒருகால் நீட்டி, கையூன்றித் தலைநிமிர்ந்து செங்கீரை ஆடும் குழவி, ஒன்பதாம் திங்களில் சப்பாணி கொட்டும், பின்னர்ச் சிற்றில் சிதைக்க ஓடும், சிறுபறை முழக்கும், சிறுதேர் உருட்டும். கழுத்து நின்று, கை கூடி, கால் ஊன்றும் வளர்ச்சியைப் பாட்டியல் நூலார் இங்ஙனம் திங்கட்கணக்கில் வகுத்தனர். இசுலாமியப் புலவர்களும் இம்மரபில் பாடியுள்ளனர்.

இன்றோ, மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மூன்று வயது நிரம்பாத மழலையின் கையில் எழுதுகோலைத் திணித்து, "எழுது, எழுது" என வருத்தும் பெற்றோரைக் காண்கிறோம். விரல் தசை வலுப்பெறாத குழந்தை அழாமல் என் செய்யும்?

'மாண்டிசோரி' என்னும் பெயர்ப்பலகைகளுக்கும் இப்பகுதிகளில் குறைவில்லை. அப்பெயருக்குரிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். அவர் ஒரு மருத்துவர் என்பதையும், 1907இல் தம் முதற் குழந்தைகள் இல்லத்தை உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேயே தொடங்கினார் என்பதையும் பலர் அறியார். எழுதுகோலைத் தருமுன், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தவர் அவர். மணலில் விரலால் எழுதிய நம் திண்ணைப் பள்ளி முறையும் அஃதன்றோ!

அவ்வம்மையாரின் நோக்கத்துக்கு உண்மை வாரிசு, கட்டணம் மிக்க பள்ளியன்று, அங்கன்வாடியே என்பது நம் துணிபு. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஊட்டம், தடுப்பூசி, எடை பார்த்தல், முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒன்றாக இணைத்தது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை நில்லா. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உண்டென 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. சோர்ந்த குழந்தை பாடங் கேட்பது எங்ஙனம்? வசதியுள்ள இல்லத்தாரும் இதனை எண்ணல் வேண்டும். பிஸ்கட்டால் வயிறு நிறைந்த குழந்தை ஊட்டம் பெற்ற குழந்தையன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்றோர்க்குப் பரிசளிக்கும் சமுதாயப் பெரியோர்கள், தம் தெரு அங்கன்வாடிக்கும் ஒருமுறை சென்று வருதல் வேண்டும். குடிநீர் உண்டா, எடைக்கருவி பழுதின்றி உள்ளதா எனக் கேட்டறிதல் வேண்டும். பள்ளியில் சேர்க்குமுன் குழந்தைகளின் கண்ணையும் காதையும் சோதிக்க ஏற்பாடு செய்தால் இன்னும் நன்று. செவி மந்தமான பிள்ளையை 'மக்கு' எனத் தள்ளும் கொடுமை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறதே! நம் மாணவ மணிகளோ வாரம் ஒரு மணிநேரம் அங்கே சென்று கதை சொல்லலாம். கதையும் பாட்டும் தமிழ்த்துறையினர்க்குப் புதியனவல்ல.