குளம் நம்முடையது, படித்துறை யாருடையது?

போன மாதம் வடசேரியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், இன்ஜினீயரிங் கடைசி வருஷம், செல்போனை நீட்டினான்.

‘‘மாமா, என் ப்ராஜெக்ட் முழுக்க இந்த சைட்லதான் ஓடுது. ஒரு பைசா செலவு கெடயாது.’’

‘‘இன்னைக்கு ஃப்ரீ. நாளைக்குக் காசு கேட்டா?’’

‘‘அப்போ பாத்துக்கிடலாம் மாமா!’’

இவனை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகத்தில் பெரிய பெரிய கெட்டிக்காரர்கள் எல்லாம் இதையே சொல்லித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்கிறார்களே, அதை நாஞ்சில்நாட்டுக்காரருக்கு விளக்குவது சுலபம். குடிமராமத்து! ஊர்க்குளத்தில் வண்டல் சேர்ந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு இறங்குவது பழைய வழக்கம். தண்ணீர் எல்லோருக்கும் பொது. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற மாணவர் ஆரம்பித்த லினக்ஸும் அப்படி வெட்டிய குளம்தான். ஆயிரக்கணக்கானவர்கள் மண் சுமந்தார்கள். சிலர் சம்பளத்துக்கு, சிலர் சும்மா.

அந்தக் கரையில் கம்பெனிகள் வந்து படித்துறை கட்டின. ‘உங்கள் புரோகிராமை இங்கே வையுங்கள், ஓட்டிப் பாருங்கள், இலவசம்’ என்றன. எல்லோரும் அங்கேயே இறங்கிப் பழகினார்கள். பழைய பாதையில் புல் முளைத்தது. அப்புறம் படியில் உண்டியல் வந்தது.

டிராவிஸ் சி.ஐ. என்று ஒன்று. எழுதிய புரோகிராமைத் தானாகவே சோதித்துத் தரும் சேவை. ஓப்பன் சோர்ஸுக்கு அளவில்லாமல் கொடுத்தது. 2019-ல் கம்பெனி கைமாறியது. 2020 நவம்பரில் இலவசம் ரேஷனாகிவிட்டது. தீர்ந்துபோனால் மனுப் போட வேண்டும்! புரோகிராமை வைத்து ஓட்ட இடம் கொடுத்த ஹெரோகு, 2022 நவம்பர் 28-ம் தேதி இலவசக் கடையையே மூடியது. டாக்கர் கதை இன்னும் விசேஷம். லினக்ஸின் முதுகில் ஏறி வளர்ந்த கம்பெனி அது. 2023 மார்ச்சில், இலவசக் குழுக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியது. ‘30 நாளில் பணம் கட்டும் திட்டத்துக்கு மாறுங்கள். இல்லையென்றால் கணக்கு முடங்கும், உள்ளே இருப்பது அழிக்கப்படலாம்.’ கேட்ட தொகை வருஷத்துக்கு 420 டாலர். (நம்பர் நான் வைத்ததல்ல!) உலகமே திட்டியது. பத்தே நாளில் வாபஸ்.

‘கம்பெனி என்ன தர்மசத்திரமா?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். இலவச கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களும் உண்டு. கரண்ட் பில்லை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்?

ஆனால், நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம், பற்று இருந்தால் எதிரே வரவு இருந்தே தீர வேண்டும். நாம் ‘தானம்’ என்று கும்பிட்டது அவர்கள் லெட்ஜரில் விளம்பரச் செலவு. அந்தச் செலவுக்கு வரவு கிடைத்துவிட்டது. ஓசியில் பழகிய பையன் வேலைக்குப் போனதும் அதையே வாங்கச் சொல்லி மேனேஜரைக் கேட்டான். ‘குட்வில்’ என்று பாலன்ஸ் ஷீட்டில் போடுகிறார்களே, அதில் இவனுடைய உழைப்பும் இருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். இது தானமே இல்லை, சார். தாராளமாகப் பல்லைப் பாருங்கள்!

காசு கேட்பது தப்பில்லை. முப்பது நாள் நோட்டீஸ்தான் தப்பு. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்பவர்கூட அதைவிட அதிகம் அவகாசம் தருவார். ஒரு வருஷ அவகாசம், உள்ளே இருப்பதை முழுசாக எடுத்துப் போகும் வசதி... இந்த இரண்டையும் இலவசம் என்று விளம்பரம் செய்யும் நாளிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

நம் பக்கமும் கோளாறு இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017-ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, கேரளப் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளையே கொடுத்து வளர்த்திருக்கிறது. நம்மிடமும் எல்காட் லினக்ஸைக் கையில் எடுத்த காலம் உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் உண்டு. ஆனால், வேர் பிடிக்கவில்லை. சக்கையும் மீனும் எல்லை தாண்டி வருகின்றன. இந்தப் பழக்கம் மட்டும் ஏன் செக்போஸ்ட்டில் நின்றுவிட்டது?

இப்போது அடுத்த படித்துறைக்குச் செங்கல் இறங்கிவிட்டது. 2025-ல் ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ஒரு வருஷம், ஜியோகாரர்களுக்கு ஜெமினி 18 மாதம், சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் என்று இலவசங்களை அறிவித்தார்கள். கெடு முடியும்போது நம் பிள்ளைகள் அது இல்லாமல் நாலு வரி எழுத மாட்டார்கள். அந்த நாளுக்காகத்தானே இந்த தாராளம்?

லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் கல்லூரிகள் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து, அதைப் பராமரிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஓசியில் பயன்படுத்தும் நாமும் அந்த ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு மாசம் ஐம்பதோ நூறோ அனுப்பலாம். மண் சுமக்காதவனுக்கு மடையைப் பற்றிப் பேச என்ன உரிமை?

அந்தப் பையனை மறுபடி பார்த்தால் கேட்கப்போகிறேன்: ‘‘மக்கா, ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு காப்பி எங்க வச்சிருக்கே?’’