விறாந்தையை உடைக்க முன்னர் ஒருக்கா யோசிப்போம்



நம்மட கிழக்கு மாகாண ஊர்களில் இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் வீடு திருத்தும் வேலைதான். மூத்தம்மா காலத்து ஓட்டு வீட்டின் விறாந்தையை உடைத்து ஹோலோடு சேர்க்கிறோம். முன்னுக்குப் பெரிய கண்ணாடிக் கதவு, வளவு முழுக்க இன்டர்லொக் கல், மேலே தகரக் கூரை. கேட்டால், "நாலு பேர் வந்தால் உள்ளேயும் வெளியேயும் இருந்து சாப்பிட வேணுமே" என்கிறோம். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது நம் மார்க்கம் சொன்ன விடயம். அந்த நோக்கத்தில் பிழையே இல்லை.

ஆனால் அப்படியொரு வீடு நம்மிடம் ஏற்கனவே இருந்ததே! விறாந்தையில் ஆண்கள், பின்வளவில் மாமர நிழலில் பெண்கள், இரண்டு பக்கத்துக்கும் கிட்டவாகக் குசினி. சஹன் வைத்து ஐம்பது பேருக்குச் சோறு கொடுத்த வீடுகள் அவை. ஏசி தேவைப்படவில்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, நடு முற்றத்தைச் சுற்றித்தான் அமைந்தது. பிற்காலத்தில் அதைக் கழற்றிக்கொண்டுபோய் லுனுகங்கவில் திரும்பக் கட்டிப் பாதுகாக்கிறார்கள். நாமோ கூலி கொடுத்து உடைக்கிறோம்.

இதில் அயலவரின் உரிமையும் இருக்கிறது. நம்முடையது கரையோர மணல் நிலம். மாரியில் வளவில் விழும் தண்ணீர் மணலுக்குள் இறங்கும், கிணற்றுக்கும் அதுதான் சேரும். சுவருக்குச் சுவர் கல் பதித்து நிலத்தையும் உயர்த்திவிட்டால், அந்தத் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிற பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போகும். நம் வீட்டு வலீமா அழகாக முடியும். அடுத்த மழைக்கு அயல்வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகம் நனையும்.

ஆகவே திருத்துங்கள், ஆனால் இப்படிச் செய்து பாருங்கள்:

1. விறாந்தையை விட்டுவிட்டு, அதற்கும் ஹோலுக்கும் இடையில் உள்ள கதவை மட்டும் அகலமாக்குங்கள். பழைய சுவரில் கைவைக்க முன்னர் அனுபவமுள்ள மேசனிடம் காட்டுங்கள். கூரையின் பாரம் அந்தச் சுவரில் இருக்கலாம்.

2. நடைபாதைக்கு மட்டும் கல் பதியுங்கள். மற்ற இடம் மணலாகவே இருக்கட்டும். பாய் விரித்தால் அதுவே விருந்து மண்டபம்.

3. பின்வளவைப் பெண்களுக்காக ஒழுங்குபடுத்துங்கள். மறைப்புக்குக் காற்றுப் போகும் துளைக்கல் சுவர் போதும். பல வீடுகளில் முன்பக்கம் பளபளக்கிறது, பெண்கள் புழுக்கத்தில் அடுப்படியில் நின்று சாப்பிடுகிறார்கள்.

4. வெளியே வழுக்காத தரை போடுங்கள். வயதானவர்கள் வருவார்கள். கூரைப் பீலியையும் துப்பரவாக வைத்திருங்கள், நுளம்பு பெருகாது.

மிஞ்சும் காசு அடுத்த மகளின் வீட்டுக்கு உதவும், அடகில் இருக்கும் நகையை மீட்கவும் உதவும். வருடத்தில் மூன்று நாள் விருந்துக்காக மற்ற நாளெல்லாம் வெக்கையில் இருக்கத் தேவையில்லை.

வேலை தொடங்க இருப்பவர்கள் மேசனைக் கூப்பிட முன்னர் வீட்டிலுள்ள உம்மாமாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத் செய்வானாக.