கையைத் திட்டாதீங்க, காலைப் பாருங்க!

முதல்லயே சொல்லிடறேன், இது கோபத்துல எழுதறது. பி.இ.டி. சார்கள், கோச்சுகள், "எங்க காலத்துல..." கோஷ்டி எல்லாரும் கல்லெடுக்கறதுக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிச்சுடுங்க, ப்ளீஸ்.

கடலூர்ல ஸ்கூல் படிக்கும்போது சாஃப்ட்பால் ஆடினேன். ("அது என்ன, பஞ்சுப் பந்தா?"ன்னு கேக்கறவங்களுக்கு: பேஸ்பாலோட தம்பி. பேருதான் சாஃப்ட். கிரிக்கெட் பந்தைவிடப் பெருசு, வெயிட்டும் ஜாஸ்தி. மேல பட்டாத்தான் தெரியும்!) அவுட்ஃபீல்டுல நின்னு பந்தைப் பொறுக்கி உள்ளே எறியறது என் வேலை. எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிடும். கோச் அதைக் கவனிச்சார். அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா அவர்கிட்ட இருந்த மருந்து ஒண்ணே ஒண்ணுதான்: "கையத் தூக்குடா!"

ரெண்டு வருஷம் தூக்கித் தூக்கி எறிஞ்சேன். ப்ளஸ் ஒன்ல சட்டை மாட்டக்கூட கையைத் தூக்க முடியல. ஆட்டம் அதோட முடிஞ்சுது.

அப்புறம் சிதம்பரத்துக்குப் படிக்க வந்தேன். ஒருநாள் சாயங்காலம் ஆசைக்கு நாலு பந்து எறிஞ்சேன். உடற்கல்வி படிக்கிற ஒரு அண்ணன் அதை மொபைல்ல ஸ்லோமோஷன்ல எடுத்துட்டு, "கையை விடு தம்பி, இடது கால் எங்க விழுதுன்னு பாரு"ன்னார். பார்த்தேன். எறியற திசையில விழ வேண்டிய கால், ஒரு அடி இடது பக்கம் தள்ளி விழுது. கால் அங்க போனதும் இடுப்பு சீக்கிரமே திரும்பிடுது, பின்னாடியே நெஞ்சும் திரும்பிடுது. கை மட்டும் பஸ்ஸை விட்டவன் மாதிரி பின்னாடி ஓடி வருது. அப்படி இழுபட்டு வர்ற கையில முழங்கை இறங்காம என்ன செய்யும்?

இதுதான் என் கோபம் மக்களே. தப்பு தெரியற இடம் வேற, தப்பு பிறக்கற இடம் வேற. எறியறது கையோட வேலையே இல்ல. தரையில ஆரம்பிச்சு கால், இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு வரிசையா ஏறி வர்ற வேகம் அது. கீழே ஒரு கண்ணி அறுந்தா, அந்தப் பாக்கியை தோளும் முழங்கையும்தான் கட்டணும். கந்துவட்டி மாதிரி!

இன்னொரு கூத்து. சின்னப் பிள்ளைங்க கையிலயும் பெரியவங்க ஆடற 12 இஞ்ச் பந்தையே குடுக்கறோம். விரல் எட்டாது. உள்ளங்கையில வச்சு குண்டு எறியற மாதிரி தள்ளும். "என்னம்மா எறியற?"ன்னு அதுக்கும் திட்டு. அமெரிக்காவுல சின்னப் பசங்களுக்கு 11 இஞ்ச் பந்து குடுக்கறாங்க. தப்பு பிள்ளையோட கையிலயா, நாம குடுத்த பந்துலயா?

"திருத்தவே கூடாதுன்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லீங்க. நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்குங்க. டென்னிஸ் பந்துல ஆடி வந்தவர். 2015-ல ரஞ்சியில முதல் மேட்ச் ஆடினதும் பவுலிங் ஆக்‌ஷன் மேல சந்தேகம்னு புகார். ஒதுங்கி நின்னு, தெரிஞ்சவங்க உதவியோட, பொறுமையா ஆக்‌ஷனை மாத்தினார். 2020 டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடினார், 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட்டும் ஆடிட்டார். கிரவுண்டு ஓரத்துல நின்னு யாராவது கத்தினதாலயா இது நடந்தது?

அதே சமயம் முரளிதரனையும் நினைச்சுக்குங்க. அவர் முழங்கை பிறவியிலேயே முழுசா நீளாது. 1995-ல மெல்போர்ன்ல நோ-பால், நோ-பால்னு மானத்தை வாங்கினாங்க. அப்புறம் லேப்ல வச்சு அளந்து பார்த்தா, ஒழுங்கா போடறதா நினைச்ச பலருக்கும் முழங்கை கொஞ்சம் நீளத்தான் செய்யுது! 15 டிகிரி வரைக்கும் ஓகேன்னு ஐ.சி.சி. விதியையே மாத்துச்சு. வித்தியாசமா இருக்கறதெல்லாம் தப்பு இல்ல. வலி வருதா, வேகம் குறையுதா, குறி தவறுதா? அப்ப மட்டும் கை வைங்க.

சரி, எப்படிப் பார்க்கறது? எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்:

1. மொபைல்ல பக்கவாட்டுல ஒண்ணு, பின்னாடி நின்னு ஒண்ணு, ரெண்டு வீடியோ எடுங்க. வெறும் கண்ணுக்கு இந்த வேகம் பிடிபடாது.

2. முன்னங்கால் தரையில படற நொடியில நிறுத்துங்க. கால் இலக்கைப் பார்க்குதா? முழங்கை அந்நேரம் தோள் உயரத்துக்கு வந்துடுச்சா? இடுப்பு முதல்ல, தோள் அப்புறம்னு திரும்புதா?

3. ஒரு வாரத்துக்கு ஒரு தப்பு மட்டும். "கால், இடுப்பு, கை"ன்னு ஒரே மூச்சுல சொன்னா பையன் சிலையா நின்னுடுவான்.

4. உடம்பைச் சொல்லாதீங்க, இடத்தைச் சொல்லுங்க. தரையில சுண்ணாம்புல ஒரு கோடு போட்டு, "இதுல மிதிச்சு எறி"ன்னாப் போதும். என் முழங்கை அப்படித்தான் தானா மேல வந்துச்சு. அதுக்கு மூணு வாரம் ஆச்சு. கத்தல் பூஜ்யம்.

5. எண்ணுங்க. களைச்ச உடம்புல நல்ல பழக்கமும் கெட்டுடும். அமெரிக்க பேஸ்பால்ல 11, 12 வயசுப் பையன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல பிட்ச் பண்ணக் கூடாதுன்னு வழிகாட்டுதல் இருக்கு. 66 தாண்டினாலே நாலு நாள் ரெஸ்ட். நம்ம ஊர்ல போட்டிக்கு முந்தின நாள் இருட்டற வரைக்கும் எறிய விடறோம்.

"அறுபது பசங்களுக்கு ஒரு வாத்தியார், இதுக்கெல்லாம் நேரம் ஏது?" நியாயமான கேள்விதான், ஒத்துக்கறேன். ஆனா கோடு போட ஒரு நிமிஷம் ஆகுமா? ஒருத்தன் எறியும்போது இன்னொருத்தனை வீடியோ எடுக்கச் சொல்லலாமே? அந்த ரெண்டு வருஷம் கத்தினதுக்கு மட்டும் நேரம் எங்கேருந்து வந்துச்சு?

எனக்குப் போனது ஒரு விளையாட்டு, பரவாயில்ல. ஆனா போன வாரம் கடலூர்ல ஒரு கிரவுண்டு பக்கம் போனேன். ஏழாவது படிக்கிற பாப்பா ஒண்ணு எறிஞ்சுட்டு தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஓரத்துலேருந்து அதே குரல்: "கையத் தூக்கும்மா!"

சார், அந்தப் பிள்ளையோட காலைக் கொஞ்சம் பாருங்க சார்.