பிள்ளைத் துணி தைப்போம், கணக்கோடு தைப்போம்



வீட்டில் இருந்தபடியே ஒரு வருமானத்துக்கு வழி தேடும் சகோதரிகளுக்காக இம்மாதம் பூநகரிப் பக்கத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இந்தப் பகுதியினரும் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினர். 2009இல் யுத்தம் முடிந்த பின் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. வெறும் காணிக்குத் திரும்பியவருக்கு வீடும் வேண்டும், தொழிலும் வேண்டும். கடலுக்குப் போகும் ஆண்களின் வருமானம் காற்றையும் மழையையும் பொறுத்தது. அதனால் பெண்ணின் கையில் ஒரு தொழில் இருப்பது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

தையல் தெரிந்தவர்கள் சட்டை, அபாயா தைத்துப் போட்டி போடுவதைவிட, பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் வேண்டிய சிறு பொருள்களைத் தைத்துப் பாருங்கள். துணி குறைவாகப் போதும். அளவு எடுக்க ஆள் வர வேண்டியதில்லை. பிள்ளை தூங்கும் நேரத்தில் ஒன்றிரண்டு முடித்துவிடலாம். தேவையும் குறைவதில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். குர்ஆனும் பாலூட்டலுக்கு முழுமையாக இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அந்த இரண்டு ஆண்டும் தாய்க்கு உதவும் பொருள்களைத்தான் நீங்கள் தைக்கப் போகிறீர்கள்.

எதைத் தைப்பது? முதலாவது, பால் கசிவை உறிஞ்சும் துணி வட்டுகள். மேலும் கீழும் மெல்லிய பருத்தி, நடுவில் இரண்டு அடுக்கு ஃப்ளனல். 12 சென்டிமீற்றர் விட்டத்தில் வட்டமாக வெட்டி, ஓரம் அடித்துத் தைத்தால் போதும். 112 சென்டிமீற்றர் அகலத் துணி ஒரு மீற்றரில், 13 சென்டிமீற்றர் சதுரமாகப் பிரித்தால், அகலத்தில் 8, நீளத்தில் 7 என 56 வட்டங்கள் கிடைக்கும். ஆக, பருத்தி ஒரு மீற்றரும் ஃப்ளனல் ஒரு மீற்றரும் சேர்ந்தால் 28 வட்டுகள், அதாவது 14 சோடி. உள்ளே பிளாஸ்திக் தாள் வைக்காதீர்கள். ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும்.

இரண்டாவது, பாலூட்டும் போர்வை. பஸ்ஸிலும் கிளினிக்கிலும் மறைவோடு பால் கொடுக்க விரும்பும் நம் பெண்களுக்கு இது பெரிய உதவி. வன்னி வெயிலுக்கு மெல்லிய வொயில் துணியே பொருத்தம். தாய் குனிந்து பார்த்தால் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். காற்றும் போக வேண்டும். மூன்றாவது, தோளில் போடும் துணி, நப்பி, சுற்றும் துணி போன்றவை.

துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை துவைத்துக் காய வைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

பிள்ளையின் பாதுகாப்பில் கொஞ்சமும் விட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு வயது வரை பிள்ளை தூங்கும் இடத்தில் தலையணையோ பஞ்சு அடைத்த மெத்தைத் தடுப்போ கூடாது. முகம் புதைந்தால் மூச்சு முட்டும். தொட்டிலின் ஓரங்களில் கட்டும் அந்தப் பஞ்சுத் தடுப்புகளின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே நிறுத்தியது. ஆகவே, அழகுக்காகக் கேட்டாலும் அதைத் தைத்துக் கொடுக்காதீர்கள். கையுறை, காலுறையின் உட்பக்கத்தில் தொங்கும் நூலை ஒட்ட நறுக்குங்கள். பிஞ்சு விரலில் நூல் சுற்றினால் இரத்தம் ஓடாது. கழுத்தில் நாடா கட்டும் சட்டையும், இழுத்தால் கழரும் தெறியும் வேண்டாம். பிள்ளையைச் சுற்றும் துணி இடுப்பையும் காலையும் இறுக்கக் கூடாது. பிள்ளை புரளத் தொடங்கியதும் சுற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இதை வாங்குபவரிடம் வாயாலும் சொல்லுங்கள். சொல்லி விற்பவரைத்தான் தாய்மார் நம்பித் திரும்பி வருவார்கள்.

இனி விலை. நம் பெண்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். உதாரணத்துக்கு, ஒரு போர்வைக்குத் துணியும் நூலும் 650 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். தைக்க ஒரு மணித்தியாலம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள் என்று 700க்குக் கொடுத்தால், உங்கள் ஒரு மணித்தியாலத்தின் கூலி 50 ரூபாய்தான். அதிலும் ஊசி, பஸ் காசு, மெஷின் தேய்மானம் எதுவும் சேரவில்லை. சாமான் செலவு, கூலி, பயணம், கொஞ்சம் இலாபம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டி, அதன் பின் விலை சொல்லுங்கள். 2022 நெருக்கடியில் துணி விலை மாதத்துக்கு மாதம் ஏறியதை நாம் கண்டோம். ஆகவே ஒவ்வொரு தடவை துணி வாங்கும்போதும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

கடனைப் பற்றி மிகக் கவனமாக இருங்கள். "மெஷின் வாங்கத்தானே" என்று வாரக் கட்டணத்துக்கு நுண்கடன் எடுத்து, அதை அடைக்க இன்னொன்று எடுத்து, மெஷினையே விற்ற பெண்கள் வடக்கில் உண்டு. நிலைமை மோசமானதால், 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. வட்டி நமக்கு மார்க்கத்திலும் ஆகாது, கைக்கும் ஆகாது. வீட்டில் இருக்கும் பழைய கால்மிதி சிங்கரே போதும். அதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று பேர் கூடி ஒரு மெஷினைப் பங்காக வாங்கி முறை வைத்துத் தையுங்கள். முதலில் இரண்டு மீற்றர் துணியோடு தொடங்குங்கள். விற்ற காசில் அடுத்த துணியை வாங்குங்கள்.

விற்பது எங்கே? நம் வீடுகளில் அகீகா, அயலவர் வீடுகளில் முப்பத்தொன்று. இரண்டுக்கும் பரிசு தேடுவார்கள். வட்டு மூன்று சோடி, தோள்துணி இரண்டு, போர்வை ஒன்று என ஒரு பொதியாகக் கட்டி வையுங்கள். கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, குறை கேட்டுத் திருத்துங்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம் பூநகரிக்குக் கிட்டவாகிவிட்டது. அங்கேயுள்ள பிள்ளைச் சாமான் கடை ஒன்றில் மாதிரி கொடுத்துப் பாருங்கள். கடனுக்குக் கொடுத்தால் திகதியும் எண்ணிக்கையும் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள். வியாபாரம் வளர்ந்தால் பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிவு செய்யலாம்.

கடைசியாக ஒன்று. மனைவி உழைத்த பணம் மனைவிக்கே உரியது. வீட்டுக்கு அவள் கொடுப்பது அவளுடைய விருப்பமும் நன்மையும். ஆகவே வருமானத்தில் ஒரு பங்கை, சிறிதானாலும், தனியே எடுத்து வையுங்கள். அடுத்த துணிக்கும், அவசர வைத்தியத்துக்கும், மகளின் படிப்புக்கும் அது கைகொடுக்கும். நாளைக்கே அந்தக் கொப்பியை வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு மீற்றர் துணியின் விலையை எழுதுங்கள்.