பழைய டீசல் வண்டியும் நம்மவரின் மிச்சக் கணக்கும்



கடந்த வாரம் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியர் ஒருவர் தம் கைப்பேசியை என்முன் நீட்டினார். 2015ஆம் ஆண்டு ஐரோப்பியச் சொகுசு மகிழுந்து. 2 லிட்டர் டீசல் இயந்திரம். கேட்கும் விலை 38,000 ரிங்கிட். "புதுசுல ரெண்டு லட்சத்துக்கு மேல வித்த காடி, ஐயா. இப்ப புது மைவி விலைகூட இல்ல. டீசல்னா எண்ணெயும் மிச்சம், இஞ்சினும் சாகாது" என்றார். சுற்றியிருந்த மூவரும் தலையாட்டினர். நான் மட்டும் வேண்டாம் என்றேன். "ஐயா எதுக்கெடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்வாரு" என்று ஒரு குரல் எழுந்தது. அறையே சிரித்தது.

சிரிக்கட்டும். ஆனால், முன்பணமாக 500 ரிங்கிட்டை அவர் முன்னரே கட்டிவிட்டார். பத்து வயதைக் கடந்த வண்டிக்கு வங்கிகள் எளிதில் கடன் தரா. ஆதலால் மீதிப் பணத்தைக் கூட்டுறவுக் கழகத்தில் கடனாகப் பெற்று, சம்பளப் பிடித்தத்தில் பத்தாண்டு கட்டுவதாக ஏற்பாடு. வண்டி கிடங்கிற்குப் போன பிறகும் பிடித்தம் நிற்காது. விண்ணப்பப் படிவம் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது, இன்னும் கையொப்பமிடவில்லை. அந்தக் கையொப்பத்திற்கு முன் அவரும், அவரைப் போன்ற பிறரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மிச்சம்' என்னும் மாயையைப் பார்ப்போம். தம்பியின் வீட்டிலிருந்து பள்ளி 6 கிலோமீட்டர். கடைத்தெரு, கோயில், மாமியார் வீடு எல்லாம் சேர்த்தாலும் மாதம் 500 கிலோமீட்டரைத் தாண்டாது. லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் வண்டிக்கு 40 லிட்டர் தேவை. டீசல் வண்டி அதைப்போல் இரு மடங்கு ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். ஊருக்குள் எந்த 2 லிட்டர் டீசலும் அப்படி ஓடாது, இருப்பினும் வாதத்திற்காக ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 20 லிட்டர் போதும். 2024 ஜூன் தொடக்கத்தில் தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட், ரோன் 95 பெட்ரோல் 2.05 ரிங்கிட். அன்றைய கணக்கில் பெட்ரோலுக்கு 82 ரிங்கிட், டீசலுக்கு 43 ரிங்கிட். மிச்சம் 39 ரிங்கிட். ஜூன் 9ஆம் நாள் அறிவிப்பு வந்தது. நள்ளிரவு கடந்ததும் டீசல் 3.35 ரிங்கிட் ஆயிற்று. ஒரே இரவில் லிட்டருக்கு 1 ரிங்கிட் 20 சென் ஏற்றம்! அந்த விலையில் 20 லிட்டருக்கு 67 ரிங்கிட். மிச்சம் 15 ரிங்கிட்டாகச் சுருங்கிவிட்டது. இதுவும் நடக்கவே நடக்காத இரு மடங்குக் கணக்கில்! உண்மையில் இரண்டும் ஒரே அளவு ஓடினால் டீசல்காரர் 52 ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பார். அதற்குப்பின் 2025 செப்டம்பர் இறுதியில் தகுதியுள்ள குடிமக்களுக்குப் பெட்ரோல் 1.99 ரிங்கிட்டுக்கு இறங்கியதையும் நினைவிற்கொள்க.

சாலைவரியை யாரும் பேசுவதில்லை. 1,300 சிசி மகிழுந்துக்குத் தீபகற்பத்தில் ஆண்டுக்கு 70 ரிங்கிட். 1,995 சிசி மகிழுந்துக்கு 377 ரிங்கிட் 50 சென். எண்ணெயில் பிடித்ததாகச் சொல்லும் மிச்சம் அஞ்சலகச் சாளரத்திலேயே கரைந்துவிடும்.

இதற்கு என் நண்பர்கள் ஒரு வலுவான மறுமொழி வைத்திருக்கிறார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. டீசல் விலை ஏறிய அதே 2024இல் 'பூடி மடானி' உதவித்தொகையாக மாதம் 200 ரிங்கிட் வழங்கப்பட்டது. கணவன் மனைவி இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாதவர் விண்ணப்பிக்கலாம். பத்து வயதுக்குக் குறைந்த சொகுசு வண்டிகளுக்கு மட்டும் இல்லை. பதினொரு வயது வண்டி ஏன் இப்போது விளம்பரத்தில் மின்னுகிறது என்பது புரிகிறதா? 500 கிலோமீட்டர் ஓட்டுபவரின் முழு எண்ணெய்ச் செலவைவிட அந்த உதவி அதிகம்! மிகக் குறைவாக ஓட்டுபவருக்கே மிகுந்த ஆதாயம். அப்படிக் குறைவாக ஓட்டுபவருக்கே டீசல் இயந்திரம் அறவே பொருந்தாது. ஒரு நள்ளிரவில் விலையை ஏற்ற முடிந்தவர்களால் இன்னொரு நள்ளிரவில் உதவியை நிறுத்த முடியாதா? பத்தாண்டுக் கடனை அத்தகைய பணத்தின்மீது கட்டுவது மணலில் தூண் நடுவதற்கு ஒப்பாகும். இன்னொன்று: அத்தொகை சிறு விவசாயிகளும் சம்பளம் குறைந்தோரும் விலையேற்றத்தில் மூழ்காதிருக்க ஏற்பட்டது. நாம் சொகுசு வண்டி ஏறுவதற்காக அன்று.

ஏன் பொருந்தாது? இதுதான் செய்தியின் உயிர். (டீசல் என்பதற்கு ஏன் தமிழ்ச்சொல் இல்லை என்று மாணவர் ஒருவர் கேட்டார். அது ருடால்ஃப் டீசல் என்னும் செருமானியப் பொறியாளரின் பெயர். பெயரை மொழிபெயர்ப்பதில்லை என்றேன்.) அவர் கண்ட இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அழுத்தி, அந்த வெப்பத்தில் எண்ணெயைப் பீய்ச்சி எரிப்பது. அது முழுச் சூடேறுவதற்கு நேரம் பிடிக்கும். ஆறு கிலோமீட்டரில் நாம் பள்ளி வாயிலை அடைந்து அணைத்துவிடுகிறோம். அரைச்சூட்டில் எரிந்த எண்ணெய் புகைக்கரியாகிறது. புதிய தலைமுறை வண்டிகளில் அக்கரியைப் பிடிக்கப் புகைபோக்கியில் துகள் வடிகட்டி ஒன்று உண்டு, பட்டறையில் 'டி.பி.எஃப்.' என்பார்கள். அது நிரம்பினால் வண்டி தானாகவே கூடுதல் எண்ணெயை எரித்து, வடிகட்டியைச் சுமார் 600 பாகைக்குச் சூடேற்றிக் கரியைச் சாம்பலாக்கும். அதற்கு நெடுஞ்சாலையில் விடாது ஓடும் ஓட்டம் வேண்டும். பாதியில் அணைத்துக் கொண்டே இருந்தால் வடிகட்டி அடைபடும், எரியாத டீசல் இயந்திர எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், நீர்த்த எண்ணெய் தேய்மானத்தைக் கூட்டும், டர்போவும் தப்பாது.

ஏட்டுச் சுரைக்காய் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். 2017இல் நானே ஒன்பது வயதான ஐரோப்பிய டீசல் மகிழுந்து ஒன்றை 24,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். அப்போது வீட்டிற்கும் பள்ளிக்கும் எட்டுக் கிலோமீட்டர். நான்காம் மாதம் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "நெடுஞ்சாலையில வேகமா ஓட்டுங்க, தானா அணைஞ்சிடும்" என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னது சரிதான். அன்று முதல் சனிக்கிழமை தோறும் ஈப்போவிலிருந்து கோலகங்சார் வரை, அங்கு ஒரு வேலையும் இன்றி, போய் வந்துகொண்டிருந்தேன். மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டிக்காக வீணாக டீசல் எரித்து, டோலும் கட்டினேன்! என் மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளைகள் "அப்பா காடியை நடைபயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்" என்றார்கள். இரண்டாம் ஆண்டில் இன்ஜெக்டர் நான்கும் வடிகட்டியும் சேர்ந்து 5,600 ரிங்கிட் விழுங்கின. மேற்சொன்ன 200 ரிங்கிட் உதவியைக் கொண்டு கட்டுவதாயின் 28 மாதங்கள் ஆகும். இறுதியில் 9,000 ரிங்கிட்டுக்கு விற்றேன். வாங்கியவர் வியாபாரி. அதை யார் தலையில் கட்டினாரோ என்பது இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது; விளக்கு அணைந்திருந்த நாளில்தான் நானும் விற்றேன்.

சொகுசு வண்டியின் விலை பதினொரு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்காகலாம். அதன் உதிரிபாகத்தின் விலை அவ்வாறு இறங்காது. இரண்டு லட்சம் ரிங்கிட் வண்டிக்கு உரிய இன்ஜெக்டரையும் உயர் அழுத்தப் பம்பையும் 38,000 ரிங்கிட்டுக்கு வாங்கியவர் மாற்ற வேண்டியுள்ளது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசும் நிலை இதுவே.

அப்படியானால் "டீசல் இயந்திரம் சாகாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? எழுபது, எண்பதுகளில் ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் ஓடிய வாடகைக் காடிகளைப் பார்த்தவர்கள் சொன்னது. மெர்சிடிஸ் 200டி! ஆள் நிரம்பியதும் புறப்பட்டு, வடக்கும் தெற்குமாக நாள் முழுதும் ஓடிய வண்டிகள். இயந்திரம் குளிர்வதற்கே நேரமில்லை. வடிகட்டி இல்லை, கணினி இல்லை, டர்போவும் இல்லை. பம்பு பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துச் சீர்செய்வர். அந்தப் புகழை, ஆறு கிலோமீட்டர் ஓடி நிற்கும் மின்னணு வண்டிக்குச் சூட்டுவது என்ன நியாயம்? பாட்டனார் நூறாண்டு வாழ்ந்தார் என்று பேரனுக்குக் காப்புறுதி வேண்டாம் என்பது போலிருக்கிறது.

பழைய டீசலே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்கறி ஏற்றிச் செல்பவர், செம்பனைத் தோட்டத்துச் சிறுதோட்டக்காரர், நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் போய்வருபவர் ஆகியோருக்கு அது உழைக்கும் துணை. இசுசு, மிட்சுபிசி போன்ற சப்பானியப் பிக்-அப் வண்டிகளின் பழைய 2.5 லிட்டர் இயந்திரங்களை நம் நாட்டு எந்தச் சிற்றூர்ப் பட்டறையும் அறியும், உதிரிபாகமும் கிடைக்கும். அத்தகையோரைப் பார்த்து முகஞ்சுளிக்கும் நகரத்துப் பெருமக்கள்மீதும் எனக்குச் சினம் உண்டு. அதை வேறொரு நாள் எழுதுவேன்.

வாங்கத்தான் வேண்டும் என்ற தேவை உள்ளவர் விற்பவரிடம் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும்: நான் வரும்வரை இயந்திரத்தை முடுக்கக்கூடாது. டீசலின் நோய் குளிர்ந்த தொடக்கத்தில்தான் வெளிப்படும். கறுப்புப் புகை நீடித்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. வெள்ளை நிற்காமல் வந்தால் எரியாத டீசல் அல்லது உள்ளே கசியும் குளிர்நீர். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெருமூச்சுப்போல் புகை அடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டுக் கணினியை ஏமாற்றி வைத்திருக்கிறார்களா என்பதைத் தூக்கியில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். உரிமை மாற்றச் சோதனையில் தேர்ந்த சீட்டு, இன்ஜெக்டர் நலமாக உள்ளது என்பதற்குச் சான்று அன்று. எந்த எண்ணெய் குடித்து வளர்ந்தது என்றும் கேட்க வேண்டும். 10 பிபிஎம் கந்தகமே உள்ள யூரோ 5 டீசல் நாடு முழுவதும் கட்டாயமானது 2021 ஏப்ரலில்தான். அதற்குமுன் பல நிலையங்களில் 500 பிபிஎம் கொண்ட எண்ணெய் விற்றது. 2015ஆம் ஆண்டு வண்டி தன் இளமையில் எதைக் குடித்ததோ! 2019 முதல் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை உயிர்டீசலும் கலக்கிறது. அது நீரை ஈர்க்கும், பழைய தொட்டியின் கசடையும் கிளறும். எண்ணெய் வடிகட்டியைக் காலத்தில் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

தம்பியுடன் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வண்டியைப் பார்க்கச் சென்றேன். முடுக்க வேண்டாம் என்று முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தோம். முன்மூடியில் கை வைத்தேன். சுட்டது. "இப்பதான் கழுவ எடுத்துட்டுப் போனோம்" என்றார் விற்பவர். வண்டியில் புழுதி அப்படியே இருந்தது. தம்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தோல் இருக்கையைப் பார்த்தார். 500 ரிங்கிட்டை நினைத்து 38,000 ரிங்கிட்டை இழக்காதீர்கள் என்று திரும்பும் வழியில் சொன்னேன். "யோசிக்கிறேன், ஐயா" என்றார்.

பணத்தைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பிற்பகல் ஒரு மணிக்கு நம் பள்ளி வாயிலுக்கு வந்து பாருங்கள். பழைய பிக்-அப்புகளும் வேன்களும் குளிரூட்டிக்காக இயந்திரத்தை அணைக்காமல் வரிசையில் நிற்கின்றன. அவற்றின் புகைபோக்கி உயரமும் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முகமும் ஏறத்தாழ அருகருகே. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2012இல் முதல் பிரிவிலேயே வகைப்படுத்தியது. பிள்ளையை ஏற்றிப் போக வந்தவரே பிள்ளையின் மூக்கருகில் அதை விடுகிறார். அவற்றுள் இரண்டு ஆசிரியர்களுடையவை. "ரெண்டு நிமிஷந்தானே சார்" என்கிறார்கள். இரண்டு நிமிடமா? நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினேழு நிமிடம்.

வரும் திங்கட்கிழமை வாயிற்பணி என்னுடையது. ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி அணைக்கச் சொல்லப்போகிறேன். முதலில் தட்டப்போவது நம் ஆசிரியர்களின் கண்ணாடியை.