சின்னக் கதவுக்கு மட்டும் பூட்டு

2022 ஜனவரி 3-ஆம் தேதி அங்கன்வாடிகளைத் திறப்போம் என்றது கேரள அரசு. காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை என்று நேரம்கூடக் குறித்தார்கள். கொச்சி கலூர் அங்கன்வாடியில் டீச்சரும் ஹெல்பரும் தரையைக் கழுவி, பாயை வெயிலில் போட்டு, உப்புமா வாணலியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்கள். கொரோனாவின் ஒமிக்ரான் வகை வந்துவிட்டது என்றதும் பழைய பூட்டே மறுபடி தொங்கியது. கேரளத்தின் 33 ஆயிரத்துச் சொச்சம் அங்கன்வாடிகளுக்கும் 2020 மார்ச் முதல் இதே கதியாக இருந்தது.

ஒமிக்ரான் விளையாட்டல்ல. மாநிலத்தின் முதல் ஒமிக்ரான் நோயாளி 2021 டிசம்பரில் கொச்சியில்தான் கண்டறியப்பட்டார். ஆனால் அவர் வந்தது பிரிட்டனிலிருந்து, விமானத்தில். அதற்காக விமான நிலையத்தை யாரும் மூடவில்லை. மெட்ரோ ஓடியது. பாரில் உட்கார்ந்து குடிக்கச் செப்டம்பரிலேயே அனுமதி, சினிமாவுக்கு அக்டோபரில். நவம்பர் 1 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆறு வயது அக்காவை விட்டுவிடும் கிருமி, நாலு வயதுத் தம்பியை மட்டும் தேடி வருமா?

பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். காலை ஏழு மணிக்குக் கலூர் பஸ் நிலையத்தில் நின்று பார்த்திருக்கலாம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இறங்கி ஆளுக்கொரு ஃபிளாட்டுக்கு விரைந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. பிள்ளையை எங்கே விட்டீர்கள் என்று கேட்டால், "பாட்டிகிட்ட" என்பார் ஒருவர். "மூத்தவ பாத்துக்குவா" என்பார் இன்னொருவர். மூத்தவளுக்கு ஒன்பது வயது. பாட்டிக்கு எழுபது, சர்க்கரை வேறு. கொரோனா யாரை அதிகம் கொன்றதோ அவர் மடியிலேயே பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, பாதுகாப்பு என்று பெயர் சூட்டினார்கள். ஒற்றை ஜன்னல் அறை. அம்மாவும் அப்பாவும் ஊரெல்லாம் சுற்றித் திரும்புவதும் அதே அறைக்குத்தான். தடுப்பூசி போட்ட டீச்சர், திறந்த ஜன்னல், வாசலில் சோப்பும் தண்ணீரும், மூக்கு ஒழுகும் பிள்ளையை அன்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம், பத்துப் பத்துப் பேராகப் பிரித்த முறை — இவற்றைவிட அந்த அறை பத்திரமா?

கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் மழலையருக்கான 'கிளிக்கொஞ்சல்' வருகிறதே என்றார்கள். நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் கிளி சோறு ஊட்டாது, மாதாமாதம் எடை பார்க்காது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே மதியம் ஒரு மணி நேரமாவது வரவழைத்து அங்கன்வாடியில் சுடுசோறு போட்டார்கள். இங்கே வீட்டுக்குப் பொட்டலம் போனது. அதை எத்தனை வாய் பங்கு போட்டது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

அரசின் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு 20 பேர் என்று எண்ணியவர்களுக்கு மதுக்கடை வரிசை கண்ணில் படவில்லை. உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆகஸ்டில் இன்னொரு கூத்து: கடைக்குப் போகத் தடுப்பூசிச் சான்று வேண்டும், இல்லையேல் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர், அதுவும் இல்லையேல் ஒரு மாதத்துக்கு முன்பே கொரோனா வந்து போயிருக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கக் காய்ச்சல் வந்திருக்க வேண்டுமாம்! பிறகு இரவு ஊரடங்கு. ஒரு வாரத்தில் அதுவும் போயிற்று. தவறு என்று யாராவது ஒப்புக்கொண்டார்களா?

பார் முதலாளிக்குச் சங்கம் உண்டு, தியேட்டர்காரருக்குச் சங்கம் உண்டு. மூன்று வயதுக்காரனுக்கு இல்லை. அதனால்தான் கடைசியாகத் திறக்கும் கதவும் முதலில் சாத்தப்படும் கதவும் அவனுடையதாகவே இருந்தன.   ஜனவரி 3 போயிற்று. அடுத்த தேதி என்ன என்று அம்மாக்கள் டீச்சரைக் கேட்டார்கள். அவருக்கும் யாரும் சொல்லவில்லை.