கத்தி யாருக்காக?

"வில்லன் செம வெயிட்." கேம் விமர்சனம் என்று வருவதில் பாதி இந்த வரியோடு முடிஞ்சுபோகுது. 2024இல் 'சைலண்ட் ஹில் 2' ரீமேக் வந்தபோதும் இதே கதைதான். பிரமிட் ஹெட்டின் இரும்புத் தலை, தரையில் இழுத்துக்கொண்டு வரும் கத்தி, அந்தச் சத்தம். கத்தி யாருக்காக என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

(கதை தெரியவேணாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்தலாம். 2001இல் வந்த கேம், இதுக்கு மேல் ரகசியம் காக்க எங்களால் முடியாது.)

ஜேம்ஸ், நோயில் கிடந்த மனைவி மேரியைத் தலையணையால் அமுக்கிக் கொன்றவன். அதை மனதிலிருந்து அழித்துவிட்டு, அவளே கடிதம் போட்டாள் என்று நம்பி அந்த ஊருக்கு வருகிறான். செய்தது தெரிந்துவிடுமோ என்று பயம். தண்டனையே கிடைக்காமல் போய்விடுமோ என்பது அதுக்கும் அடியில் கிடக்கிற பயம். பிரமிட் ஹெட் இந்த இரண்டுக்கும் பிறந்தவன். அதனால்தான் மேரியின் சாயலில் இருக்கும் மரியாவை ஜேம்ஸின் கண்முன்னாலேயே கொல்கிறான். ஜேம்ஸ் தன் குற்றத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, கடைசியில் வரும் இரண்டு பிரமிட் ஹெட்டும் தங்களைத் தாங்களே குத்திக்கொண்டு சாகுதுகள்.

அதே ஊரில் எட்டு வயசு லோரா தனியாக ஓடித் திரிகிறாள், ஒரு பேயும் அவளைத் தொடுவதில்லை. ஏஞ்சலாவுக்கு அது எப்பவும் எரிகிற ஊர்.

நோட்டன் பிரிட்ஜ் பனியைப் பார்த்து 'பேய்ப்படம் மாதிரி இருக்கு' என்று வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். அதே பனிக்குள் கொழுந்து எடுக்கிற எங்கள் அம்மாமாருக்கு அட்டையும் குளவியும்தான் பயம். அதைவிட, நிறை வராத நாளில் விழுகிற அரைப்பேர்.

பயந்தவன் வரைகிற படத்தில் மாட்டிக்கொள்வதைப் பற்றி மலையகத்துக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். தோட்டத்து வாக்குகள் மலைநாட்டுத் தொகுதிகளை விழுங்கிவிடும் என்ற பயம் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னால் நின்றது. தேயிலை வளர்த்தவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. ஒட்டிய பேர், கள்ளத்தோணி. அந்த வில்லனுக்கு இருந்தது எங்கள் முகமில்லை.

அதனால்தான் 2006 படத்தில் பிரமிட் ஹெட் வந்து நிற்கும்போது எங்களுக்கு எரிச்சல் வருது. அங்கே ஜேம்ஸே இல்லை. 2020இல் 'டெட் பை டேலைட்' கேமுக்குள்ளும் கொண்டுபோய் விட்டார்கள். யாருடைய பயமும் இல்லாமல் அவன் வெறும் கத்திக்காரன். 'வில்லன் தனியாவே நிக்கணும்' என்கிற ரசிகர்கள் அவனை வைத்து டீசேர்ட் அடிக்கலாம், தாராளமாக.

வில்லனுக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட்டது போதும். லோராவின் கண்ணுக்கு அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யாராவது ஒரு விமர்சனம் எழுதுங்க, முதல் ஆளாக நாங்கள் வாசிக்கிறோம்.